மலையேறும் சிறிய கார்: எதை முதலில் மாற்றுவது, எதற்கு யார் பொறுப்பு?

வாகனக் கடன் பெற வரும் இளைஞர்கள் சிலர், வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் கேட்டறிந்த பின்னர், எழுந்து செல்லும் முன் இன்னொரு கேள்வியையும் கேட்பதுண்டு. “இந்தக் காரைச் சற்று டியூன் செய்து மலையேற்றப் போட்டியில் ஓட்டலாமா?” என்பதே அக்கேள்வி. ‘ஹில் கிளைம்ப்’ என்று அழைக்கப்படும் இப்போட்டியில் ஆர்வம் கொண்டவர்கள், பெரும்பாலும் ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரிலிருந்தே தொடங்குகிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, உதிரிபாகங்கள் எங்கும் கிடைக்கும் என்பன அதற்குக் காரணங்கள்.

இக்கேள்விக்கான விடையில் இரு பகுதிகள் உண்டு. காரில் எதை எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பது முதற்பகுதி. அம்மாற்றங்களுக்குப் பிறகு கடன், காப்பீடு, பதிவு ஆகியவை என்னவாகும் என்பது இரண்டாவது. முதற்பகுதியைக் கூறப் பட்டறைகள் பல உள்ளன. இரண்டாவதைப் பலரும் விபத்து நேர்ந்த பிறகே அறிகிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிகாரத்தோடு ஒரு போட்டி

மலையேற்றப் போட்டியில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. போக்குவரத்து முற்றிலும் நிறுத்தப்பட்ட மலைச்சாலையில், ஒவ்வொரு காரும் தனியாகப் புறப்பட்டு மேலேறும். எடுத்துக்கொண்ட நேரமே வெற்றியை முடிவு செய்யும். இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னுமிடத்தில் 1905ஆம் ஆண்டு தொடங்கிய போட்டியின் தூரம் 1,000 கஜம் மட்டுமே. வேகமான கார்கள் அதை அரை நிமிடத்துக்குள் ஏறி முடிக்கின்றன. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் போட்டி 1916இல் தொடங்கியது. அதன் தூரம் 19.99 கிலோமீட்டர், வளைவுகள் 156.

நம் நாட்டில் மோட்டார் விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு ஆகும். அதன் ஒப்புதலுடன் நடைபெறும் போட்டிகளில் பங்கேற்க, ஓட்டுநர் அவ்வமைப்பின் போட்டி உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும். சாதாரண ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது.

ஏற்றத்தின் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 3 கிலோமீட்டர் நீளமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு சாலை. அதாவது, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 மீட்டர் உயர்வு. காராக மாருதி ஸ்விஃப்டின் 2018ஆம் ஆண்டு மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதன் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 83 குதிரைத்திறன் தருவது. எரிபொருளையும் ஓட்டுநரையும் சேர்த்து மொத்த எடை ஏறத்தாழ 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இக்கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஏறினால், ஒவ்வொரு நொடியும் 2 மீட்டர் உயர்கிறது. 1,000 கிலோவை நொடிக்கு 2 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 26 குதிரைத்திறன் தேவை. எஞ்சின் தரும் 83இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வெறும் எடையைத் தூக்குவதற்கே செலவாகிறது. எஞ்சியதைக் கொண்டுதான் வேகம் கூட்டவும் காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்கவும் வேண்டும்.

இப்போது காரிலிருந்து 100 கிலோவைக் குறைப்பதாகக் கொள்வோம். ஒரு டன் எடைக்கு 83 குதிரைத்திறன் என்றிருந்த விகிதம் 92 ஆக உயர்கிறது. எடையைக் குறைக்காமல் இதே விகிதத்தைப் பெற வேண்டுமானால், எஞ்சினில் 9 குதிரைத்திறனைக் கூட்ட வேண்டும். டர்போ இல்லாத ஒரு சிறிய எஞ்சினில் அதைக் கூட்டப் பெருஞ்செலவு ஆகும். பின் இருக்கை, தரைவிரிப்பு, ஒலிபெருக்கி, உதிரிச் சக்கரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்க ஆகும் செலவோ மிகக் குறைவு. மேலும், எடைக்குறைப்பு ஏற்றத்தில் மட்டுமன்றி வளைவிலும் பிரேக் பிடிக்கும் இடத்திலும் பயன் தருகிறது.

மலையின் உயரமும் இக்கணக்கில் சேரும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், டர்போ இல்லாத எஞ்சின் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 83 என்று விளம்பரத்தில் கண்ட எண், அங்கே 66 அளவில் நிற்கும். 4,302 மீட்டரில் முடியும் பைக்ஸ் பீக் போன்ற மலையில் இழப்பு மூன்றில் ஒரு பங்கையும் தாண்டுகிறது. எடைக்குறைப்பின் பயனோ எந்த உயரத்திலும் குறைவதில்லை.

முதல் செலவு ஓட்டுநருக்கு

மலைச்சாலையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பந்தயத் தடத்தில் இருப்பதுபோல் தப்பிச் செல்ல மணற்பரப்பு கிடையாது. ஆகவே முதல் ரூபாய் ஓட்டுநரின் பாதுகாப்புக்கே செல்ல வேண்டும். ரோல் கேஜ் எனப்படும் எஃகுக் கூண்டு, தகுதிச் சான்று பெற்ற பந்தய இருக்கை, ஆறு முனை இருக்கை வார், தலைக்கவசம், கழுத்துக் காப்பு, தீத்தாங்கும் உடை, தீயணைப்பான், மின்சாரத்தை ஒரே விசையில் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை இப்பட்டியலில் அடங்கும்.

ரோல் கேஜ் செய்ய எந்தக் குழாயும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகள், தையலற்ற எஃகுக் குழாயையே கோருகின்றன. முதன்மை வளைவுக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் வேண்டும் என அவை வரையறுக்கின்றன. சன்னல் கம்பி செய்யும் பட்டறையில் கிடைக்கும் குழாயை வளைத்துப் பற்றவைத்த கூண்டு, விபத்தில் மடிந்து ஓட்டுநர் மீதே பாயக்கூடும்.

இங்கு மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தலைக்கவசம் அணிந்திருக்கும்போது உயிர்காக்கும் இதே கூண்டு, அன்றாடப் பயணத்தில் ஆபத்தாகிவிடுகிறது. சிறு மோதலில்கூடத் தலைக்கவசமற்ற தலை எஃகுக் குழாயில் இடிக்கும். பின் இருக்கை அகற்றப்பட்டுக் கூண்டு பொருத்தப்பட்ட காரில் மனைவி மக்களை ஏற்றிச் செல்ல இயலாது. போட்டிக் காரும் குடும்பக் காரும் ஒன்றாக இருக்க முடியாது என்பதற்கு இதுவே முதற்காரணம். மற்றவற்றைப் பின்னர் காண்போம்.

டயரும் பிரேக்கும்

நாம் எடுத்துக்கொண்ட 3 கிலோமீட்டர் ஏற்றம் இரண்டரை நிமிடங்களில் முடிந்துவிடும். டயரையும் பிரேக்கையும் சூடேற்றிக்கொள்ள முன்சுற்று எதுவும் கிடையாது. முதல் வளைவிலேயே அவை முழுப் பிடிமானத்தையும் தர வேண்டும். நீண்ட தடப் பந்தயத்துக்கென உருவான பிரேக் பேடுகள், நன்கு சூடேறிய பின்னரே கடிக்கத் தொடங்கும். அவற்றை வாங்கிப் பொருத்துவோர், கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த பாதுகாப்பைப் பெறுகிறார்கள். குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும் பேடுகளும், விரைவில் வெப்பமடையும் மென்மையான ரப்பர் டயர்களுமே மலையேற்றத்துக்கு ஏற்றவை.

பிரேக்குக்கு உண்மையான சோதனை ஏறும்போது நேர்வதில்லை. போட்டி முடிந்ததும் கார்கள் வரிசையாகக் கீழே இறங்கி வரும்போதே அது நேர்கிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 300 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழெட்டு முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினைத் தாழ்ந்த கியரில் வைத்து இறங்கினால், இதில் பெரும்பங்கை எஞ்சினே ஏற்றுக்கொள்ளும். இல்லையேல் பிரேக் திரவம் கொதித்து, மிதிகட்டை தரைவரை இறங்கிவிடும். டாட் 3 வகைத் திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். டாட் 4 வகைக்கு 230. ஈரத்தை உறிஞ்சிய பழைய திரவத்தில் இவை முறையே 140, 155 எனச் சரிகின்றன. ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் திரவத்தை மாற்றுவது மிகச் சிறிய செலவு. அது தரும் பாதுகாப்போ மிகப் பெரிது.

முன்சக்கரங்களின் சிக்கல்

நம் நாட்டு ஹேட்ச்பேக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயங்குபவை. மேட்டில் ஏறும்போது எடை பின்புறம் சாய்கிறது. வேகம் கூட்டும்போது மேலும் சாய்கிறது. 2.45 மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட நம் மாதிரிக் காரில், மேட்டினால் சுமார் 20 கிலோவும், விரைந்து வேகம் கூட்டுவதால் சுமார் 60 கிலோவும் முன்சக்கரங்களிலிருந்து விலகிப் பின்சக்கரங்களுக்குச் செல்கின்றன. இழுக்க வேண்டிய சக்கரங்களுக்கே பிடிமானம் குறைகிறது.

கொண்டைஊசி வளைவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். உள்பக்கச் சக்கரம் இலேசாகி வெறுமனே சுழலும். சாதாரண டிஃபரன்ஷியல், சுழலும் சக்கரத்துக்கே திறனை அனுப்புவதால் எஞ்சின் உறுமும், கார் நகராது. இதைத் தடுப்பதற்கே லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பொருத்தப்படுகிறது. அதனுடன் தரமான ஷாக் அப்சார்பர்களும், சக்கரக் கோணங்களின் சரியான அமைப்பும் சேர்ந்தால், இருக்கும் 83 குதிரைத்திறனும் சாலைக்குச் சென்று சேரும். காரின் உயரத்தை மிகவும் தாழ்த்திவிடுவது தவறு. மேடுபள்ளமான மலைச்சாலையில் சக்கரம் தரையைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருப்பதே முக்கியம்.

எஞ்சினுக்கான செலவு கடைசியில் வர வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினில் கணினியின் அமைப்பை மாற்றுவதும் காற்று வடிகட்டியை மாற்றுவதும் சில குதிரைத்திறன்களையே கூட்டும். டர்போ எஞ்சினில் கூடுதல் பயன் கிடைக்கும். ஆனால் கிளட்சும் கியர்பெட்டியும் அதைத் தாங்க வேண்டும். நன்கு பராமரிக்கப்பட்ட, புதிய எண்ணெயும் தீப்பொறிச் செருகிகளும் கொண்ட இயல்பான எஞ்சினே முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.

ஒருவரிடம் இதற்கென நூறு ரூபாய் இருந்தால், அதை இவ்வாறு பிரிக்கலாம் என்பது என் பரிந்துரை: பாதுகாப்புக்கு 40, டயருக்கும் பிரேக்குக்கும் 20, ஷாக் அப்சார்பருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் 20, நுழைவுக் கட்டணம், போக்குவரத்து, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 15, எஞ்சினுக்கு 5.

சட்டம் சொல்வது

இனி இரண்டாம் பகுதிக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்பிலிருந்து வேறுபடும் மாற்றங்கள் கூடா என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் அளித்த தீர்ப்பில் உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதும் வேகத்தைச் சோதிப்பதும் 189ஆம் பிரிவின்படி குற்றமாகும். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மீண்டும் செய்தால் அது ஓராண்டு, ரூ.10,000 என உயரும். விடியற்காலையில் ஆளில்லாத மலைச்சாலையில் நண்பர்கள் கடிகாரம் வைத்து ஓட்டிப் பார்ப்பதும் இதில் அடங்கும்.

காப்பீடு எங்கே நின்றுவிடுகிறது

தனியார் கார்களுக்கான காப்பீட்டு ஆவணத்தில், ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்றொரு பகுதி இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றுக்குக் கார் பயன்படும்போது காப்பீடு பொருந்தாது என்று அங்கே குறிப்பிடப்பட்டிருக்கும். போட்டி முறையான அனுமதியுடன் நடைபெற்றாலும் இவ்விலக்கு நீங்காது. காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது என்பது பலர் அறிந்ததே.

பலர் அறியாதது ஒன்றுண்டு. மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டிலும் நிறுவனம் இதே காரணத்தைக் காட்டி எதிர்வழக்காடலாம். அச்சட்டத்தின் 150ஆம் பிரிவு, காப்பீட்டு நிறுவனம் முன்வைக்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் குறிப்பிடுகிறது. சாலையோரம் நின்ற பார்வையாளர் ஒருவர் காயமடைந்தால், இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் வீட்டையும் சேமிப்பையும் தேடி வரக்கூடும். ஆகவே போட்டி அமைப்பாளர் எடுத்துள்ள பொறுப்புக் காப்பீட்டின் நகலைக் கேட்டு, யாரையெல்லாம், எந்தத் தொகை வரை அது காக்கிறது என்பதை நுழைவுக் கட்டணம் செலுத்தும் முன் படித்தறிய வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டின் நிலை சற்று வேறானது. அபாயகரமான விளையாட்டுகளுக்கான தரப்படுத்தப்பட்ட விலக்கு, மோட்டார் பந்தயத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எனினும், ‘தொழில்முறையாளராக’ப் பங்கேற்பதால் ஏற்படும் சிகிச்சைச் செலவையே அது விலக்குகிறது. பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு இந்த ஒரு சொல் பெரும் ஆறுதல். தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் ஆயுள் காப்பீட்டிலும் சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். புதிதாக ஆயுள் காப்பீடு எடுப்பவர், விண்ணப்பத்தில் அபாயகரமான பொழுதுபோக்குகள் பற்றிய கேள்விக்கு உண்மையை எழுத வேண்டும். பிரீமியம் சற்றுக் கூடலாம். மறைத்தால், உரிய நேரத்தில் குடும்பத்தின் கோரிக்கையே மறுக்கப்படலாம்.

தவணை நிற்காது

வங்கிக் கடனில் வாங்கிய கார், கடன் தீரும்வரை வங்கிக்குப் பிணையாக இருப்பது. பதிவுச் சான்றிதழில் ஹைப்போதிகேஷன் குறிப்பு இருப்பதும் அதனால்தான். பிணையை நல்ல நிலையில் வைத்திருப்பதும் முழுக் காப்பீட்டைத் தொடர்வதும் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள்.

ஓர் எடுத்துக்காட்டு. ரூ.6 லட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, 7 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ரூ.9,653. மூன்றாம் ஆண்டு முடிவில் நிலுவை ஏறத்தாழ ரூ.3.88 லட்சம். அப்போது போட்டியில் கார் பள்ளத்தில் உருண்டு முற்றிலும் சிதைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண விபத்தாயின் காப்பீட்டுத் தொகை நிலுவையின் பெரும்பகுதியை அடைத்துவிடும். இங்கோ காப்பீடு இல்லை. கார் இல்லாத வீட்டிலிருந்து, இன்னும் 48 மாதங்களுக்கு, மொத்தம் ரூ.4.63 லட்சத்துக்கு மேல் தவணை செல்ல வேண்டும். இடையில் நிறுத்தினால் கடன் வரலாறு கெடும்; பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்வந்து நிற்கும்.

மாற்றங்களுக்குச் செலவிட்ட பணமும் திரும்புவதில்லை. ரோல் கேஜுக்கும் பந்தய இருக்கைக்கும் சாதாரணமாகக் கார் வாங்குபவர் ஒரு ரூபாயும் கூட்டித் தரமாட்டார். துளையிட்ட தரைத்தகட்டையும் அகற்றப்பட்ட உள்ளமைப்பையும் காட்டி விலையைக் குறைக்கவே முயல்வார்.

தனிக் கார், தனிக் கணக்கு

இவற்றையெல்லாம் கூறுவது ஆர்வத்தைத் தணிப்பதற்காக அன்று. பாதுகாப்பாக ஈடுபடுவதற்கு எளிய வழி ஒன்று உள்ளது. குடும்பக் காரைத் தொடாதீர்கள். போட்டிக்கெனக் கடனில்லாத, பழைய ஹேட்ச்பேக் ஒன்றைத் தனியே வாங்குங்கள். நான்கு ஆண்டுகளைத் தாண்டி ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட காருக்குக் காப்பீட்டுக் கணக்கில் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படுகிறது. அதைவிடப் பழைய கார்கள் இன்னும் மலிவு. முற்றிலும் நொறுங்கினாலும் இழப்பு அக்காரின் விலையோடு நின்றுவிடும்.

வாங்கும்போது, முந்தைய உரிமையாளரின் கடன் தீர்ந்ததா என்பதைப் பதிவுச் சான்றிதழில் பாருங்கள். ஹைப்போதிகேஷன் குறிப்பு இருந்தால், அவருடைய வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் பெற்று, குறிப்பு நீக்கப்பட்ட பின்னரே முழுத் தொகையையும் செலுத்துங்கள். போட்டிக்கென மாற்றியமைத்த காரைப் பொதுச்சாலையில் ஓட்டாமல், லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிச் செல்லுங்கள். அதற்கான வாடகையையும் ஆண்டுத் திட்டத்தில் சேருங்கள்.

செலவுக்குத் தனிநபர் கடனையோ கடன் அட்டையையோ நாட வேண்டாம். தேய்ந்துபோகும் டயருக்கு மூன்றாண்டு வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் செலுத்தி, முதிர்வுத் தொகைக்குள் அவ்வாண்டின் போட்டிகளை முடித்துக்கொள்ளலாம். குடும்பத்தின் ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி, பிள்ளைகளின் கல்விக்கான சேமிப்பு, ஆயுள் மற்றும் மருத்துவக் காப்பீடு ஆகியவை அமைந்த பிறகே இக்கணக்கைத் தொடங்குவது முறை.

காப்பீட்டு ஆவணத்தின் ‘பயன்பாட்டு வரம்புகள்’ பகுதியும், கடன் ஒப்பந்தத்தில் பிணை பற்றிய பத்தியும் சேர்ந்து இரண்டு பக்கங்களுக்கு மேல் இரா. பட்டறைக்குக் காரைக் கொண்டுசெல்லும் முன் அவ்விரண்டையும் ஒருமுறை படியுங்கள். விளங்காத வரி ஏதேனும் இருந்தால், ஆவணத்துடன் உங்கள் கிளையின் கடன் அலுவலரை அணுகுங்கள். அதை விளக்குவது எங்கள் பணியின் ஒரு பகுதியே.